டாக்டர் கைவிரித்த பிறகு அப்பாவிடம் என்ன பேசுவது?

கேள்வி சுருக்கமாக இது. பெங்களூர் அல்சூரில் இருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது, கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு "போதும், போதும்" என்று மட்டும் சொல்கிறார். அம்மாவும் அண்ணனும் "விஷயத்தைச் சொன்னா மனசு விட்டுடுவார், ஒரு வாரம் தாங்கமாட்டார்" என்கிறார்கள். அவருக்கு எப்படி நம்பிக்கை கொடுப்பது?

நான் டாக்டர் இல்லை. குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ். பெங்களூரில் 16 வருஷமாக இதே வேலை. மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம், விவேக்நகர், ஸ்ரீராமபுரம் என்று நம் ஆட்கள் இருக்கும் சந்துகளெல்லாம் கால் பழகியவை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் பட்டது நம்பிக்கை பற்றியே இல்லை. அப்பா எப்படிப் படுத்திருக்கிறார் என்பதுதான்.

முழங்காலை வயிற்றோடு மடக்கி, சுருண்டு படுத்திருக்கிறாரா? மல்லாந்து படுக்க வைத்தால் முகம் சுளிக்கிறாரா? உட்காரும்போது தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிகிறாரா? கணையத்து வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். நேராகப் படுத்தால் அதிகமாகும், சுருண்டால் கொஞ்சம் அடங்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது "சுவரைப் பார்த்துப் படுத்துட்டார், வாழ்க்கையே வெறுத்துட்டார்" என்று தெரியும். பாதி நேரம் அது வலி தணிகிற பக்கம், அவ்வளவுதான்.

அதனால் அந்தப் "போதும்" எது என்று முதலில் கேளுங்கள். வலி போதுமா, ஸ்பூனில் கஞ்சியைத் திணிப்பது போதுமா, வந்து வந்து விசாரிக்கும் சொந்தக்காரர்கள் போதுமா, உயிரே போதுமா? நாலுக்கும் நம் வீடுகளில் ஒரே சொல்தான். வைத்தியம் நாலும் வேறு வேறு.

மர்ஃபி டவுனில் ஒருவர், உங்கள் அப்பா வயதுதான். நான் முதல்முறை போனபோது கண்ணைத் திறக்கவே இல்லை. "எதுக்கு சிஸ்டர் வர்றீங்க, நேரம் வீண்" என்றார். மகன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு "அப்பா மனசளவுல ஏற்கனவே போயிட்டார்" என்றான். டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினார், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு நாள் தூங்கினார். அது மார்ஃபினின் மயக்கம் மட்டும் இல்லை, பல வாரமாகப் பாக்கியிருந்த தூக்கமும் சேர்த்து. நான் அடுத்த முறை போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "சலூன்காரரை வரச்சொல்லணும்."

தெருக்கோடி சலூன்காரர் பெட்டியோடு வந்தார். நுரை போட்டுவிட்டு, பழக்கத்தில் "கன்னத்தை உப்புங்க" என்றார். உப்ப முடியவில்லை, கன்னம் பல்லோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரலால் தோலைக் காதுப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாக எடுத்தார். கால் மணி நேர வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் பெரியவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "மீசைல இந்தப் பக்கம் கொஞ்சம் கூட இருக்கு" என்றார். மகன் சமையலறைக்குள் போய் அழுதான். அந்த மனிதருக்கு யாரும் நம்பிக்கை கொடுக்கவில்லை. அது உள்ளேயே இருந்தது, வலி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மார்ஃபின் என்றதும் உங்கள் அண்ணன் பதறுவார். "அது கடைசி மருந்தாச்சே, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாரே" என்பார். சரியான அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினால் அது ஆயுளைக் குறைக்காது. வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். பயம் நம்மிடம் மட்டும் இல்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே நிறுத்தின. 2014இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். ஆனாலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. பேலியேட்டிவ் கேர் (வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் சிகிச்சை) பிரிவு இருக்கும் மருத்துவமனையில் கேளுங்கள், ஓசூர் ரோடு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறது. கணையத்து வலிக்கு, அந்த நரம்புப் பின்னலை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்றும் உண்டு. அப்பா உடம்புக்கு அது சரிப்படுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, வலி அடங்கியது என்று வையுங்கள். அப்புறம்தான் நீங்கள் கேட்ட கேள்வி.

சொன்னால் மனசு விட்டுவிடுவாரா? எனக்குத் தெரிந்த வரை, சொன்னதால் நொறுங்கியவர்களைவிட, எல்லாரும் சேர்ந்து மறைத்ததால் தனித்துப்போனவர்கள்தான் அதிகம். ரிப்போர்ட் பீரோ மேலே, மருந்துச் சீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஊரிலிருந்து பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து காலடியில் உட்காருகிறார். மாற்றி மாற்றி "அடுத்த மாசம் எழுந்து நடப்பீங்க". வாரம் ஒரு கிலோ குறைகிற மனிதருக்கு இது புரியாதா? ஸ்ரீராமபுரத்தில் ஒரு பெரியவர், மனைவி காபி போட உள்ளே போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்து, "சிஸ்டர், எனக்கு முடிஞ்சுபோச்சுன்னு இவளுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா" என்றார். ஐந்து நிமிஷம் முன்னால் அந்த அம்மா வாசலில் அதையேதான் என்னிடம் சொல்லியிருந்தார். 46 வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். மிச்சம் இருந்த ஆறு வாரத்தில் நாலு வாரம் இந்த நாடகத்தில் போயிற்று.

நான் யோக்கியம் பேசவில்லை. என் சொந்தச் சித்திக்கு வந்தபோது நானே "வெறும் கட்டி, கரைஞ்சிடும்" என்று சொன்னவள்தான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

அதற்காக உட்கார வைத்து ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. சொல்வது ஒரே தடவையில் முடிகிற காரியமும் இல்லை. "அப்பா, உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது பகுதிதான் கஷ்டம். பத்து வினாடி மௌனம் தாங்காமல் "ஒண்ணும் இல்லப்பா" என்று நாமே பதில் சொல்லிவிடுவோம். அவர் பேசினால் அடுத்தது, "டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குச் சொல்லணுமா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?" சிலர் "எனக்கு எதுவும் வேண்டாம், பெரியவன்கிட்ட பேசு" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவு, விட்டுவிடுங்கள். சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. அவரைக் கேட்காமலே நாம் முடிவு செய்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எத்தனை நாள் என்று கேட்டால்? யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. 2000இல் வெளியான ஒரு ஆய்வு, சிகாகோவில் 468 நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் சொன்ன கணக்கைப் பிறகு நடந்ததோடு ஒப்பிட்டது. 20 சதவீதம்தான் கிட்டத்தட்டச் சரி. 63 சதவீதக் கணிப்பில் உண்மையில் இருந்ததைவிட அதிக நாளைச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வீடுகளில் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. மாதத்துக்கு மாதம் மாற்றம் தெரிந்தால் மாதக்கணக்கு, வாரத்துக்கு வாரம் என்றால் வாரக்கணக்கு, நேற்றுக்கு இன்று வித்தியாசம் தெரிந்தால் நாள்கணக்கு. உங்கள் அப்பா எதில் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

நம்பிக்கை என்றால் குணமாகும் நம்பிக்கை மட்டும்தான் என்று நாம் பிடித்துவைத்திருப்பதால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. சாகப்போகிறவர் இரண்டையும் ஒரே வாயால் பேசுவார். "பொங்கலுக்கு நான் இருக்கமாட்டேன்" என்று சொன்ன அதே பாட்டி, அதே மூச்சில் "டிசம்பர்ல குளிர் தாங்கல, புது ஸ்வெட்டர் ஒண்ணு வாங்குடா" என்றார். பேரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாட்டிக்குப் புரியவில்லையோ என்று கேட்டான். நன்றாகப் புரிந்திருந்தது. இரண்டும் உண்மை. அந்த இடத்தில் போய்த் திருத்தக் கூடாது, ஸ்வெட்டர் வாங்க வேண்டும். (வாங்கினான். நீலம் பிடிக்கவில்லை என்று மாற்றச் சொன்னார்.)

"அப்பா இப்போ எந்தக் கட்டத்துல இருக்கார்? மறுப்பா, கோபமா?" என்று படித்த பிள்ளைகள் கேட்பது உண்டு. சாவை எதிர்கொள்பவர்களுக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் சொன்ன ஐந்து கட்டங்கள் ஊரெல்லாம் பரவிவிட்டன. அது மாடிப்படி இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறி முடிக்க. எல்லாக் கட்டங்களுக்கு ஊடேயும் ஏதோ ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த நம்பிக்கை சின்னதாகச் சுருங்கி, பக்கத்து விஷயங்களில் போய் உட்கார்ந்திருக்கும். நம் பெரியவர்களுக்கு இது தெரியும், "ஏதோ ஆசை இருக்கு, அதான் உயிர் இழுத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். ஆனால் அந்த ஆசை என்ன என்று அவரையே கேட்கமாட்டார்கள், தாங்களே ஊகிப்பார்கள். காசாசை என்று காசைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், மண்ணாசை என்று ஊரிலிருந்து நிலத்து மண்ணைக் கொண்டுவந்து கரைப்பார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டில் ஆம்பூர் பக்கத்திலிருந்து துணியில் முடிந்து மண் வந்தது. அந்தப் பாட்டிக்கு விழுங்கும் சக்தி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த நிலையில் மண் கரைத்த தண்ணீரோ பாலோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும், மூச்சுத் திணறும். பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் தொட்டு வையுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டார்கள், பிறகு அப்படியே செய்தார்கள். சடங்கும் நடந்தது, பாட்டிக்குத் திணறலும் இல்லை. இது உங்களுக்கும் பிறகு தேவைப்படும்.

அல்சூரிலேயே ஒருவர். பின்னி மில்லில் வேலை பார்த்தவர். "வெளியே போகணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்கிறார் என்று நினைத்து, பிள்ளைகள் வேலூருக்குப் போக வண்டிவரை பேசிவிட்டார்கள். நான் "எங்கே போகணும்?" என்று கேட்டேன். "வள்ளுவரைப் பார்க்கணும்." ஏரிக்கரைச் சிலை, வீட்டிலிருந்து பத்து நிமிஷம். 1991இல் கொண்டுவந்து வைத்து, 18 வருஷம் மூடியே கிடந்த சிலை. தினமும் அதைக் கடந்து போனவர், 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தபோது கூட்டத்தில் நின்றவர். ஆட்டோவில் இரண்டு தலையணை, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கூடுதலாக ஒரு டோஸ் மார்ஃபின், மடியில் வாந்திக்கு ஒரு கிண்ணம். 20 நிமிஷம் இருந்தார், ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. திரும்பும்போது "ஞாயித்துக்கிழமை சோமேஸ்வரர் கோயில்" என்றார். அந்த ஞாயிறு போக முடியவில்லை.

பாரம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். என் கணக்கில் வலிக்கு அடுத்த பெரிய கொலையாளி இதுதான். "கை கால் ஓடும்போதே போயிடணும்" என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர்கள், மருமகள் பெட்பேன் வைக்கும் நிலைக்கு வந்ததும் உள்ளுக்குள் செத்துவிடுகிறார்கள். "நீங்க பாரமே இல்லப்பா" என்பது எடுபடாது, அவருக்கு எடை தெரியும். அவரிடமிருந்து ஏதாவது வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அம்மா பென்ஷனுக்கு எந்த பேங்க், பேரனுக்கு எதைப் படிக்கச் சொல்லலாம் என்று கேளுங்கள். கனடாவில் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் இதை ஒரு சிகிச்சையாகவே ஆக்கியிருக்கிறார். நோயாளி தன் வாழ்க்கையில் முக்கியமானதைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, எழுத்தாக்கித் திருத்தி, வீட்டாருக்கு விட்டுச்செல்லும்படி அவர் கையிலேயே கொடுப்பார்கள். நம் ஊரில் போன் போதும், ரெக்கார்டரை அமுக்கி தலையணைப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் வைத்திருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு.

இதெல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். சாகப்போகிறவர் சோகமாக இருப்பது இயல்புதானே என்று டாக்டர்களே விட்டுவிடுவது உண்டு. தவறு. 2000இல் நியூயார்க்கில் 92 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சீக்கிரம் செத்தால் போதும் என்ற தீவிர விருப்பம் 17 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது, எல்லோருக்கும் இல்லை. மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும் தனித்தனியாகவே அந்த விருப்பத்தோடு தொடர்புடையவையாக இருந்தன. அதனால் ஒன்றை மட்டும் கவனித்தால் போதாது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், அதனால் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். "மனசு ரொம்ப சோர்ந்து கிடக்காப்பா?" என்று நேராகவே கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி, 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எல்லாருக்கும் வழி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். விவேக்நகரில் தையல் வேலை பார்த்த ஒரு பெண், 38 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள். வலி அடங்கியது, மருந்து வேலை செய்தது, எல்லாம் பேசினோம். கடைசி வரை "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொன்னார். எதை நம்பச் சொல்வேன் அவரை? நான் போகும் நாட்களில் கால் பிடித்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு நாள் அரை மணி தாமதமாகப் போனேன். "ஏன் லேட்?" என்று கேட்டார்.

பேலியேட்டிவ் கேர் என்றாலே கைவிட்டது என்று அர்த்தம் என்பதும் பழைய எண்ணம். 2010இல் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அவர்கள் இருந்த காலமும் கூடுதல், 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால் மாரத்தஹள்ளி பக்கம் கருணாஷ்ரயா இருக்கிறது. 1999இலிருந்து, குணமாக்க முடியாத கட்டத்தில் இருக்கும் புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே போவதைப் பற்றியும் அப்பாவிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். ஐசியு, வென்டிலேட்டர் வேண்டாம் என்பது அவர் விருப்பமானால் அதை எழுதிவைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023இல் எளிதாக்கினார்கள், இப்போது இரண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் இதற்கு உத்தரவு போட்டிருக்கிறது.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது இவ்வளவுதான். அம்மாவையும் அண்ணனையும் சம்மதிக்க வைத்த பிறகு என்று காத்திருக்க வேண்டாம். கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நகர்த்தி, அவர் முகம் இருக்கும் பக்கமாக நீங்கள் போய் உட்காருங்கள். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். மார்ஃபின் எழுதினால், மலச்சிக்கலுக்கு மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள், அவர்கள் எழுத மறந்தாலும்.